ட்ரோன் பைலட் சான்றிதழ் எடுத்து வயலுக்கு மருந்தடிக்கும் தொழில்: எங்கிருந்து தொடங்குவது?

ஒரத்தநாடு_கார்த்தி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஐடிஐ ஃபிட்டர் முடிச்சிருக்கேன், வயசு 23. ட்ரோன்ல நெல்லுக்கு மருந்தடிக்கிறதைத் தொழிலாவே எடுத்துப் பண்ணலாம்னு இருக்கேன். விசாரிச்ச இடத்துல எல்லாம் ஆளுக்கொண்ணு சொல்றாங்க. லைசென்ஸ் வேணும்ங்கிறாங்க, வெறும் சான்றிதழ் போதும்ங்கிறாங்க. எங்கிட்ட பாஸ்போர்ட் கிடையாது, அது பிரச்சினையா? பழைய சைனா ட்ரோன் ஒண்ணு மலிவா வருது, அதுல பழகிட்டு அப்படியே தொழிலுக்கும் வச்சுக்கலாமா? டேங்க் 10 லிட்டர் எடுக்கிறதா, 16 லிட்டரா? அக்கா மகளிர் குழுவுல இருக்காங்க, அது வழியா மானியம் வருமா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

---

பயிற்சிக்களம் எழுதியது:

தம்பி, லைசென்ஸ் என்ற பேச்சு 2022 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. 2021 ட்ரோன் விதிகளில் அப்போது கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு உங்களுக்குத் தேவைப்படுவது ரிமோட் பைலட் சான்றிதழ். டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனமே பாடம் நடத்தி, தேர்வும் வைத்து, தேறியவருக்கு 7 நாளுக்குள் டிஜிசிஏவின் இணையதளம் வழியாக இதை வழங்கும். 10 ஆண்டு செல்லும். வயது 18 முதல் 65, படிப்பு 10ஆம் வகுப்பு தேர்ச்சி. பாஸ்போர்ட் கட்டாயம் என்பதை 2023 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம் இவற்றில் ஒன்று இருந்தால் போதும். பல நிறுவனங்கள் மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்றும் கேட்கும், கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டேங்க் எத்தனை லிட்டர் என்ற கேள்வியைப் பணம் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் சான்றிதழ் எடை வகுப்பைப் பொறுத்தது. 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை ஸ்மால், அதற்கு மேல் 150 கிலோ வரை மீடியம். இங்கே எடை என்பது வெறும் ட்ரோனின் எடை அல்ல. பேட்டரி, நிரம்பிய டேங்க் எல்லாம் சேர்ந்த மொத்த எடை. சந்தையில் உள்ள 10 லிட்டர் ட்ரோன்கள் பெரும்பாலும் 25 கிலோவுக்குள் அடங்கும்படியே செய்யப்பட்டவை. 16 லிட்டர் என்றால் பெரும்பாலும் மீடியத்துக்குப் போய்விடும். ஸ்மால் சான்றிதழை வைத்துக்கொண்டு மீடியம் ட்ரோனை ஓட்டினால் சான்றிதழ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. முதல் தொழிலுக்கு 10 லிட்டரும் ஸ்மால் வகுப்பும் போதும்.

பயிற்சி வழக்கமாக 5 நாள். விதிமுறை, வானிலை, பறத்தலின் அடிப்படை, பேட்டரி, அவசர நிலை எல்லாம் வகுப்பில். பிறகு சிமுலேட்டர், அதன்பின் களம். கட்டணம் 30 ஆயிரத்திலிருந்து 60 ஆயிரம் வரை இடத்துக்கு இடம் மாறும். அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்ஐடி வளாகம் குரோம்பேட்டையில் நடத்துகிறது, கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் பயிற்சி உண்டு, தனியாரும் பலர் இருக்கிறார்கள். எங்கே சேர்ந்தாலும் அந்த நிறுவனத்தின் பெயர் டிஜிசிஏவின் பட்டியலில் இருக்கிறதா, எந்த வகுப்புக்கு அனுமதி பெற்றிருக்கிறது என்று நீங்களே பார்த்துவிடுங்கள். இரண்டு நாள் பட்டறை நடத்தி அழகாக அச்சடித்த தாளைக் கொடுக்கும் இடங்களும் உண்டு. அந்தத் தாளுக்குச் சட்டப்படி மதிப்பே இல்லை.

தேர்வில் ஆட்கள் தடுமாறுவது இரண்டு இடத்தில். ஒன்று, ட்ரோனின் மூக்கு நம்மைப் பார்த்து நிற்கும்போது. அப்போது இடது வலது மாறிவிடும், பதற்றத்தில் ரிமோட்டின் குச்சியைத் தப்பான பக்கம் தள்ளிவிடுவார்கள். இரண்டு, ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும்போது. குச்சியை விட்டால் நிற்கும் என்று பழகிய கைக்கு, அது காற்றோடு நழுவிக்கொண்டே போவது பெரிய அதிர்ச்சி. பயிற்சிக்கு முன்பே ஒரு யூஎஸ்பி ரிமோட் வாங்கி, கணினியில் சிமுலேட்டரைப் போட்டு, மூக்கு தன்னைப் பார்த்த நிலையில் எட்டு வடிவம் போட்டுப் பழகுங்கள். சேரும் முன் நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஒரு மாணவர் கையில் உண்மையான ட்ரோன் மொத்தம் எத்தனை நிமிடம் இருக்கும்?' நேரான பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

பழைய ட்ரோன் வேண்டாம். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை, உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. தொழிலுக்கு ஓட்டும் ட்ரோனுக்கு டைப் சான்றும் (அந்த மாடலுக்குத் தரும் ஒப்புதல்) அதை வைத்துப் பெறும் யூஐஎன் என்ற தனி அடையாள எண்ணும் வேண்டும். மலிவாகக் கைமாறும் ட்ரோன்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டுமே இருக்காது, இனி வாங்கவும் வழியில்லை. யூஐஎன் இல்லையென்றால் முறையான மூன்றாம் நபர் காப்பீடும் கிடைக்காது. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனுக்கு அந்தக் காப்பீடு கட்டாயம்.

---

வயல்வெளி எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா சான்றிதழ் கையில வந்ததும் வயல்ல இறங்கி மருந்தடிச்சிடலாம்னு நினைச்சா அங்கதான் கெட்டுப்போகும். அந்த 5 நாள்ல பறக்கத்தான் சொல்லித்தருவாங்க, மருந்தைப் பத்தி பெருசா ஒண்ணும் இருக்காது. விவசாயி காசு கொடுக்கிறது ட்ரோன் பறக்கிறதுக்கு இல்ல, புழு சாகுறதுக்கு.

முதல்ல அளவு. ஏக்கருக்கு 10 லிட்டர் தண்ணி. 4 மீட்டர் அகலம் விழுது, வினாடிக்கு 4 மீட்டர் வேகம்னு வைங்க. வினாடிக்கு 16 சதுர மீட்டர், நிமிஷத்துக்கு 960. ஏக்கர் 4047 சதுர மீட்டர், அப்ப மருந்து திறந்திருக்கிற நேரம் சுமார் 4.2 நிமிஷம். 10 லிட்டரை 4.2 ஆல வகுத்தா நிமிஷத்துக்கு 2.4 லிட்டர் வரணும். நாலு நாசில்னா (மருந்து பீய்ச்சுற முனை) ஒவ்வொண்ணுலயும் 600 மில்லி. திரும்புற நேரம், ஏறி இறங்குற நேரம் சேர்த்து ஒரு ஏக்கருக்கு 6-7 நிமிஷம் ஆகும். வேலைக்குப் போகும் முன்னாடி வெறும் தண்ணி ஊத்தி, ஒவ்வொரு நாசிலுக்கு அடியிலயும் ஒரு பாத்திரம் வச்சு ஒரு நிமிஷம் ஓட்டி அளந்து பாருங்க. ஒண்ணு 600, ஒண்ணு 480ன்னு வந்தா அந்த நாசில் அடைச்சிருக்கு இல்லன்னா தேஞ்சிருக்கு. பாக்காம அடிச்சா பத்து நாள் கழிச்சு வயல்ல கோடு கோடா தெரியும், அப்ப பதில் சொல்லணும்.

கலக்குறது அடுத்தது. கைத்தெளிப்பான்ல 200 லிட்டர் தண்ணியில போற மருந்து இங்க 10 லிட்டர்ல போகுது, அதாவது 20 மடங்கு கெட்டி. கைத்தெளிப்பான் டப்பாவுல நல்லா கலந்த ரெண்டு மருந்து இங்க தயிர் மாதிரி திரிஞ்சு போகலாம். அதனால ஒரு பழைய பாட்டில்ல அதே விகிதத்துல கலந்து அரை மணி நேரம் வச்சுப் பாருங்க. அடியில படிவு, மேல ஏடு, கட்டி எது வந்தாலும் டேங்க்ல ஊத்தாதீங்க. வரிசை: பாதித் தண்ணி, அப்புறம் நனையும் தூள் இல்லன்னா குருணை வகை, அப்புறம் எஸ்சி (தூள் மிதக்கிற கெட்டித் திரவம்), கடைசியா ஈசி (தண்ணியில பால் மாதிரி கலக்குற எண்ணெய் வகை). ட்ரோனுக்கு ஒப்புதல் உள்ள மருந்தான்னும் பாக்கணும், எல்லா மருந்துக்கும் கிடையாது.

புகையான் பூச்சிக்குக் கூப்பிட்டா யோசிச்சுப் போங்க. அது தூருல உக்காந்திருக்கும். பயிர் அடைஞ்ச வயல்ல மேல இருந்து விழுற 10 லிட்டர் அடிவரைக்கும் இறங்காது. இலை சுருட்டுப்புழு, குலைநோய்னா ட்ரோன் நல்லாவே வேலை செய்யும். விவசாயிகிட்ட இதை முன்னாடியே சொல்லிடுங்க. 'எல்லாத்துக்கும் அடிக்கலாம்'னு சொல்லிட்டு வர்ற ஆளை அடுத்த போகத்துக்கு யாரும் கூப்பிடமாட்டாங்க.

காத்து மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல அடிச்சா இறக்கி வச்சிருங்க. ஆடிக் காத்துல குறுவைக்கு அடிக்கிறப்ப காலையில சீக்கிரமே முடிக்கப் பாருங்க. ஆனா இலையில பனித்தண்ணி சொட்டச் சொட்ட இருக்கிறப்பவும் அடிக்கக்கூடாது, மருந்து வழிஞ்சு கீழ போயிடும். பயிருக்கு மேல 2 மீட்டர் உயரம் போதும், 4 மீட்டருக்குப் போனா பக்கத்து வயலுக்குத்தான் மருந்து. காத்து வர்ற பக்கம் இல்லாம, காத்து போற பக்கம் என்ன இருக்குன்னு பாருங்க. மல்பெரி இருந்தா அந்தப் பக்கம் பூச்சி மருந்தே வேண்டாம், அந்த இலையைத் தின்ன பட்டுப்புழு மொத்தமா செத்துடும். பருத்தி, காய்கறி இருந்தா 2,4-டி களைக்கொல்லியை ட்ரோன்ல தொடவே தொடாதீங்க. மீன் குட்டை, தேனீப் பெட்டியும் அப்படித்தான்.

---

செல்_வோல்ட் எழுதியது:

பேட்டரி பற்றி யாரும் சொல்லவில்லை. லாபமும் நட்டமும் அங்கேதான் இருக்கிறது.

10 லிட்டர் ட்ரோனில் பொதுவாக 6 செல் கொண்ட 16,000 எம்ஏஎச் பேட்டரி இரண்டு ஜோடியாகப் போடுவார்கள். ஒரு ஜோடி ஏறக்குறைய ஒரு ஏக்கருக்கு வரும். ஜோடி 50,000 ரூபாய், 250 சுற்று (ஒருமுறை ஏற்றித் தீர்ப்பது ஒரு சுற்று) உழைக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு 200 ரூபாய் பேட்டரிக்கே போகிறது. கூலி 400-600 என்று ஓடும் ஊரில் இதுதான் மிகப்பெரிய செலவு. அதையே முரட்டுத்தனமாகப் பயன்படுத்தி 100 சுற்றில் ஊதிப்போக விட்டால் ஏக்கருக்கு 500, கூலி அங்கேயே முடிந்தது. டெல்டாவில் மா கணக்கில் கூலி பேசுவார்கள், 3 மா ஓர் ஏக்கர் என்று வகுத்துப் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்.

செல் ஒன்றுக்கு 3.6 வோல்ட்டைத் தொடும் முன் இறக்கிவிடுங்கள். 'இன்னும் அரைக்கால் வயல்தான் பாக்கி' என்று இழுப்பதில்தான் பேட்டரி சாகிறது. இறக்கியதும் சூடாகச் சார்ஜரில் மாட்டாதீர்கள், கை வைத்தால் சுடாத அளவுக்கு நிழலில் ஆறட்டும். இரண்டையும் எப்போதும் ஒரே ஜோடியாகவே வையுங்கள், எண் எழுதி ஒட்டுங்கள். ஒரு பழையதையும் ஒரு புதியதையும் சேர்த்தால் பழையது முதலில் சரியும், ட்ரோனும் அதோடு சரியும். சீசன் முடிந்து வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட். முழுச் சார்ஜில் ஒரு மாதம் கிடந்த பேட்டரி உப்பிவிடும். உப்பியதை ஒருமுறைகூடப் பறக்கவிடக் கூடாது.

வயலில் இரண்டு ஜோடியை ஒரே நேரத்தில் 32 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றினால் 3,200 வாட்டுக்கு மேல் இழுக்கும். 5 கேவிஏ ஜெனரேட்டர் வேண்டும். அரை மணியில் ஏறும், ஆகவே மணிக்கு 4 ஏக்கர் ஓடும். 4 ஜோடி இருந்தால் காலை மாலை சேர்த்து ஒரு நாளைக்கு 20 ஏக்கர் எட்டலாம். 2 ஜோடியோடு தொடங்கினால் பாதி நேரம் வரப்பில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று: வீடு திரும்பும் உயரத்தை (சிக்னல் அறுந்தால் ட்ரோன் தானே கிளம்பிய இடத்துக்குத் திரும்பும் உயரம்) ஊருக்கு ஏற்றபடி வையுங்கள். தொழிற்சாலையில் வைத்துத் தந்த அளவை அப்படியே விட்டால் சிக்னல் அறுந்ததும் ட்ரோன் நேராகத் தென்னை மட்டையில் போய் விழும். சுற்றி இருப்பதில் மிக உயரமான மரத்துக்கு மேல் குறைந்தது 10 மீட்டர். ஈபி கம்பியைவிட அந்தக் கம்பத்தின் ஸ்டே கம்பிதான் (கம்பத்தைச் சாய்வாக இழுத்துப் பிடிக்கும் கம்பி) ஆபத்து, திரையில் தெரியாது. வயலை ஒருமுறை சுற்றி நடந்து, கம்பம் இருக்கும் மூலைகளை மேப்பில் விலக்கிவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். காம்பஸ் சரிசெய்வதை மோட்டார் கொட்டகை, போர் பைப் பக்கத்தில் செய்யாதீர்கள், இரும்பு அதைக் குழப்பும்.

---

ஒரத்தநாடு_கார்த்தி எழுதியது:

ரொம்ப நன்றிண்ணா, எல்லாருக்கும். வல்லம் பக்கமும் வேலை வரும் போலிருக்கு. தஞ்சாவூர்ல விமானப்படைத் தளம் இருக்கே, அங்க பறக்க விடலாமா?

---

பயிற்சிக்களம் எழுதியது:

ஒவ்வொரு வயலையும் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிதான் பச்சை. 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி இல்லாமல் ஏற்றக் கூடாது. சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி. பயிருக்கு மேல் 2 மீட்டரில்தானே பறக்கிறோம் என்ற வாதம் மஞ்சளிலும் சிவப்பிலும் செல்லாது. வரைபடம் அவ்வப்போது மாறும், ஆகவே போன மாதம் பச்சையாக இருந்தது என்பதும் செல்லாது. அன்று காலை பார்த்த திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போலீஸ் கேட்டால் யூஐஎன், சான்றிதழ், காப்பீடு இவற்றோடு அதையும் காட்டலாம்.

---

மகளிர்குழு_பொறுப்பாளர் எழுதியது:

கார்த்தி தம்பி, அக்கா பெயரில் குழுவாக விண்ணப்பிக்க நமோ ட்ரோன் தீதி என்ற மத்திய அரசுத் திட்டம் வந்தது. 2023 நவம்பர்ல ஒப்புதல் ஆனது, 2025-26 வரைக்கும்னு போட்டது, நாடு முழுக்க 15,000 குழுக்கள். ட்ரோன், துணைப்பொருள் விலையில 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் மானியம். மீதியைக் குழு கடனா எடுத்துக்கலாம், அதுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. தேர்வான பெண்ணுக்கு 15 நாள் பயிற்சி: 5 நாள் பைலட் பயிற்சி, 10 நாள் உரமும் மருந்தும் தெளிக்கிறது.

உங்களுக்கும் இதுல இடம் இருக்கு. பழுது பார்க்கிற வேலையில ஆர்வம் உள்ள குழு உறுப்பினரையோ குடும்பத்து ஆளையோ ட்ரோன் உதவியாளரா எடுத்துப் பயிற்சி கொடுக்கணும்னு திட்டத்துலயே இருக்கு. ஐடிஐ ஃபிட்டர் அதுக்குப் பொருத்தம்தான். ஆனா அந்தப் பயிற்சி பைலட் சான்றிதழ் ஆகாது. அக்காதான் ஓட்டணும், நீங்க ஓட்டணும்னா சான்றிதழைத் தனியா எடுத்தே ஆகணும். குழுவுல சேராம தனியா வாங்குறதா இருந்தா வேளாண் பொறியியல் துறையில விவசாயக் கருவி வாடகை மையத்துக்கான மானியத்தைக் கேளுங்க, அது 40 சதவீதம், 4 லட்சம் வரை. வட்டார அலுவலகத்துல எந்தப் பட்டியல் இப்ப திறந்திருக்குன்னு கேட்டுட்டு அப்புறம் முன்பணம் கட்டுங்க. முதல்லயே வாங்கிட்டுப் போய் மானியம் கேட்டா கிடைக்காம போகலாம்.

---

செல்_வோல்ட் எழுதியது:

வாங்கும்போது கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியது: டைப் சான்று எண், எந்தப் பேட்டரிக்கு அந்தச் சான்று, உதிரிபாகம் எத்தனை நாளில் வரும், சர்வீஸ் ஆள் எந்த ஊரில். பூக்கும் நேரத்தில் ஒரு மோட்டார் போய் 20 நாள் காத்திருந்தால் அந்தச் சம்பா சீசனே போச்சு. அதனால் இறக்கை 2 செட், மோட்டார் 1, ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) 1, பம்ப் 1, நாசிலும் வடிகட்டியும் நாலு நாலு முதல் நாளிலேயே பெட்டியில் இருக்கட்டும். மடிக்கும் கைகளின் பூட்டை ஒவ்வொரு முறை ஏற்றும் முன்னும் கையால் ஆட்டிப் பாருங்கள். விழுந்து யாருக்காவது அடிபட்டாலோ விபத்தானாலோ 48 மணி நேரத்துக்குள் டிஜிசிஏவின் தளத்தில் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டுக்காரரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு உங்கள் ட்ரோனுக்கு ஆகும் சேதத்தைத் தராது, அதற்குத் தனிப் பாலிசி போட வேண்டும்.