புதுப்பிப்பு: கப்பல் வேலை, வெளிநாட்டுத் துணை, பதிவுத் திருமணம்

ராயபுரம், காசிமேடு பக்கம் கப்பலில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வெளிநாட்டுப் பெண்ணைச் சிறப்புத் திருமணச் சட்டம், 1954-இன்படி மணப்பது பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம். திருமணப் பதிவு அலுவலரிடம் நோட்டீஸ் (கல்யாணம் செய்யப்போகிறோம் என்ற அறிவிப்பு) கொடுத்து 30 நாள் கழிந்தால் எப்போது வேண்டுமானாலும் கல்யாணம் என்றது தவறு. நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். தாண்டினால் புது நோட்டீஸ்தான்.

லீவில் வருபவர்கள் இடறுவது இங்கேதான். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் தொடர்ந்து 30 நாள் தங்கிய பிறகே நோட்டீஸ். அதன்பின் இன்னொரு 30 நாள். யாராவது ஆட்சேபித்தால் விசாரணைக்கு மேலும் 30 நாள் வரை. ஆகவே இரண்டு மாத லீவை நம்பி மண்டபம் பிடிக்காதீர்கள். அடுத்த கான்ட்ராக்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வதந்தி கிளம்புவது, அந்த நோட்டீஸை ஒட்டும் பதிவு அலுவலகப் பலகையிலிருந்து. நிரந்தர முகவரி வேறு மாவட்டமென்றால் அங்கேயும் ஒட்டுவார்கள். "யாரோ வெளிநாட்டுக்காரியாம்" என்று குழாயடியில் கேட்டு அம்மாவுக்குத் தெரிவது கொடுமை. முதல் நாளே வீட்டில் சொல்லிவிடுங்கள். இனம், மதம், தெருப்பேச்சு எதுவும் சட்டப்படி ஆட்சேபணை ஆகாது. உயிரோடிருக்கும் வேறு துணை, வயது (ஆண் 21, பெண் 18), மனநிலை, தடைசெய்யப்பட்ட உறவுமுறை இவை மட்டுமே.

பெண்ணின் பாஸ்போர்ட், விசா, திருமணத் தடையில்லை என்ற தூதரகச் சான்று, 3 சாட்சிகள் தயாராக இருக்கட்டும். ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டவர் இந்தியாவில் நீண்ட காலம் தங்கவும் வேலை பார்க்கவும் உதவும் அட்டை) விண்ணப்பிக்க, பதிவான திருமணம் 2 ஆண்டு தொடர்ந்து நீடித்திருக்க வேண்டும். அவர் இங்கே வேலை தேடுவதாயிருந்தால் அதையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.