அயர்லாந்து கத்தோலிக்கப் பள்ளிகள்: 40 வருடம் கழித்து ஏன் சொல்கிறார்கள்?

டப்ளின்வாசி:
இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், எங்கள் பக்கம் எங்கே திரும்பினாலும் கத்தோலிக்கப் பள்ளிதான். 2024 செப்டம்பரில் வந்த அரசு அறிக்கையைப் பற்றி இப்போதுதான் படித்தேன்: துறவற சபைகள் நடத்திய 308 பள்ளிகள், 884 பேர் மீது 2,395 பாலியல் புகார்கள். தூக்கம் போய்விட்டது. ஒன்று மட்டும் புரியவில்லை. எல்லாம் பல வருடம் முன்னால் நடந்தது, அப்போதே ஏன் யாரும் வாய் திறக்கவில்லை?

பழைய_ஆள்:
யாரிடம் போய்ச் சொல்வது சகோ? ஆர்ட்டேன், லெட்டர்ஃப்ராக் மாதிரி தொழிற்பள்ளிகள் (பெயர்தான் பள்ளி, பிள்ளைகளை அடைத்து வைத்து சபைகள் நடத்திய விடுதிகள்) இருந்தன, அங்கே போன பிள்ளைகளில் பெரும்பாலோர் எந்தத் தப்பும் செய்யவில்லை, வீட்டில் வறுமை, அவ்வளவுதான், அதற்கே கோர்ட் உத்தரவு போட்டு 16 வயது வரை உள்ளே வைத்தார்கள், தலைக்கு இவ்வளவு என்று அந்த விடுதிகளுக்கு அரசே பணமும் கொடுத்தது. தப்பி ஓடினால் போலீஸ்காரரே பிடித்துக் கொண்டுபோய் விடுவார், அப்புறம் அடி. இந்த விடுதிகளை விசாரித்த அரசு ஆணையத்தின் 2009 ரயன் அறிக்கையில் எல்லாம் இருக்கிறது. ஆண் பிள்ளைகள் இருந்த விடுதிகளில் பாலியல் கொடுமை ஊறிப்போய் இருந்தது என்று அதுவே சொல்கிறது. ஆனால் குற்றவாளிகளின் பெயர் கிடையாது, ஆர்ட்டேன், லெட்டர்ஃப்ராக் இரண்டையும் நடத்திய கிறிஸ்தவ சகோதரர்கள் (Christian Brothers) சபை கோர்ட்டுக்குப் போனதால் வந்த வினை.

மீனா_நர்ஸ்:
நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு தாத்தா இடது கையால் தட்டைச் சுற்றி அணை கட்டிக்கொண்டுதான் சாப்பிடுவார். தட்டை எடுக்கப் போனால் உடம்பே விறைத்துவிடும். ஒருநாள் அவராகவே சொன்னார், சின்ன வயதில் அந்த மாதிரி ஒரு பள்ளியில் இருந்தாராம். அதற்கு மேல் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த விடுதிகளில் கொடுமைப்பட்டவர்களுக்கு அரசு நஷ்ட ஈடு கொடுக்க 2002-ல் ஒரு சட்டம் வந்தது, அதை வாங்கியவர்கள் அந்த விவரத்தை வெளியே சொன்னால் குற்றம் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். இதில் ஏன் பேசவில்லை என்று கேட்டால் எப்படி!

டப்ளின்வாசி:
மன்னிக்கணும், அந்த அர்த்தத்தில் கேட்கவில்லை. சரி, இப்போது வழக்குப் போட முடியுமா?

பழைய_ஆள்:
முடியும். இங்கே பெரிய குற்றங்களுக்குக் காலக்கெடு இல்லை. ஆனால் அந்த 884 பேரில் பாதிக்கு மேல் செத்துப்போய்விட்டதாகத்தான் கருதுகிறார்கள். இன்னொன்று, 2024 கணக்கு தொழிற்பள்ளி பற்றியதே அல்ல, காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வரும் சாதாரணப் பள்ளிகளும், வசதியானவர்கள் பணம் கட்டிப் படிக்க வைத்த போர்டிங்குகளும், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளிகளும்தான். வீட்டில் அப்பா அம்மா இருந்தும் அந்தப் பிள்ளைகளால் சொல்ல முடியவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான்.

மீனா_நர்ஸ்:
மகளைச் சேர்க்கப் பயப்படாதீர்கள் அண்ணா, என் பையனும் அப்படிப்பட்ட பள்ளியில்தான் படிக்கிறான். இப்போது சந்தேகம் வந்தாலே ஆசிரியர் புகார் செய்தாக வேண்டும், சட்டம். புகாரை வாங்கிக்கொள்ள ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவர் உண்டு, பெயரை வாசல் பக்கம் ஒட்டியிருப்பார்கள். பார்க்கப் போகும்போது அதைத் தேடுங்கள்.