கம்ப்யூட்டரில் ஒலிப்பதிவு செய்தால் பின்னால் ஒரு 'ஙொய்ங்', எங்கிருந்து வருகிறது?

மாடிவீட்டு வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். பார்வையில்லாத கல்லூரி மாணவர்கள் சிலருக்குப் பாடப் புத்தகங்களை வாசித்து, பதிவு செய்து அனுப்பி வருகிறேன். இரண்டு வருடமாக மொபைலில்தான் ஓடியது. இப்போது 400 பக்கத்துக்கு ஒரு இந்திய வரலாற்றுப் புத்தகம் கையில் இருக்கிறது, அதை மொபைலில் வெட்டி ஒட்டுவது பெரும்பாடு என்பதால் உறவினர் வீட்டில் சும்மா கிடந்த டெஸ்க்டாப்பை வாங்கி வந்து வைத்தேன். அதே பழைய காலர் மைக்கைத்தான் சிபியு பெட்டியின் முன்பக்கம் இருக்கும் ஜாக்கில் சொருகிப் பேசுகிறேன்.

பிரச்சினை இதுதான். குரல் ரொம்பச் சன்னமாக விழுகிறது, அதனால் மைக் ஒலியைப் பெருக்கும் மைக்ரோபோன் பூஸ்ட் அமைப்பை 30 டெசிபலுக்கு ஏற்றி வைத்திருக்கிறேன். ஏற்றினால் குரலோடு சேர்ந்து இரண்டு சத்தம் வருகிறது. ஒன்று, நிற்காமல் ஓடும் 'ஙொய்ங்'. இன்னொன்று, மவுஸை நகர்த்தும்போது மட்டும் 'கிர்ர் கிர்ர்' என்று பூச்சி கத்துவதுபோல. சிபியு மேல் கை வைத்தால் அந்த 'ஙொய்ங்' கொஞ்சம் மாறுகிறது, கையை எடுத்தால் பழையபடி. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது இன்னும் மோசம்.

மைக்கை மாற்றலாமா, சிஸ்டத்தையே மாற்றலாமா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் இப்போது கையில் காசு இல்லை. கேட்கிற பிள்ளைகள் ஹெட்போனில் மணிக்கணக்காகக் கேட்பவர்கள், தலை வலிக்கிறது என்று ஒரு பெண் சொல்லிவிட்டாள். அதனால்தான் கேட்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எடிட்டிங் தம்பி:

அக்கா, காசே செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஆடாசிட்டி மென்பொருளில் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று உண்டு. பேச ஆரம்பிக்கும் முன் ஐந்தாறு நொடி வாயை மூடிக்கொண்டு வெறும் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். அப்புறம் அந்தத் துண்டை மட்டும் தேர்வு செய்து அதை மாதிரியாக எடுத்துக்கொள்ளச் சொல்லி, முழுப் பதிவுக்கும் போட்டால் அந்த 'ஙொய்ங்' போய்விடும். நான் யூடியூப் வீடியோக்களுக்கு அப்படித்தான் செய்கிறேன்.

மாடிவீட்டு வாசகி:

தம்பி, நன்றி, அதைச் செய்து பார்த்துவிட்டேன். சத்தம் குறைகிறது, ஆனால் குரலும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. முக்கியமாக 'ச', 'ஸ' இரண்டும் அமுங்கிப் போகின்றன. 1764-இல் நடந்த பக்சார் போர் பற்றிய அத்தியாயத்தை அப்படிச் சுத்தம் செய்து அனுப்பினேன், 'அக்கா, அது பக்தாரா பக்சாரா' என்று ஒரு பையன் திருப்பிக் கேட்டான். அவர்கள் எல்லோரும் இரண்டு மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்பவர்கள். நமக்குச் சரியாகக் கேட்பது அந்த வேகத்தில் அவர்களுக்குச் சரியாகக் கேட்காது. பரீட்சையில் அவன் பக்தார் என்று எழுதச் சொன்னால் அந்தத் தப்பு என்னுடையது. அதனால் சத்தம் உள்ளே நுழையாமலே இருக்க வழி வேண்டும்.

சிஸ்டம் சர்வீஸ் 20 வருடம்:

நீங்கள் கேட்பதுதான் சரியான கேள்வி. நுழைந்த சத்தத்தை வடிகட்டுவது கடைசியாகச் செய்ய வேண்டியது. முதலில் எது எந்த வழியாக வருகிறது என்று பிரித்துப் பார்ப்போம். எதுவும் வாங்க வேண்டாம், பத்து நிமிடம் போதும்.

மைக்கைப் பிடுங்கிவிட்டு, ஜாக்கில் எதுவுமே இல்லாமல் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். அப்போதும் சத்தம் இருந்தால் அது பெட்டிக்குள் பிறப்பது, போய்விட்டால் மைக் வயர் வழியாக வருவது. அடுத்து அதே மைக்கைப் பின்பக்கம் இருக்கும் ரோஸ் நிற ஜாக்கில் சொருகி, மவுஸை ஆட்டிக்கொண்டே பதிவு செய்யுங்கள். முன்பக்க ஜாக்கிலிருந்து மதர்போர்டு வரை ஒரு மெல்லிய வயர் பெட்டிக்குள் சுற்றிக்கொண்டு போகிறது. போகிற வழியில் கிராபிக்ஸ் கார்டு, யூஎஸ்பி வயர், பவர் வயர் எல்லாவற்றையும் உரசிக்கொண்டுதான் போகும். மவுஸ் அசையும்போது பிராசசர் திடீரென்று விழித்து அதிகக் கரண்ட் இழுக்கும், அந்த ஏற்ற இறக்கம் இந்த வயரில் ஏறி 'கிர்ர்' என்று கேட்கும். பாதிப் பேருக்குப் பின்பக்கம் மாற்றியதுமே இது தீர்ந்துவிடும்.

மூன்றாவது, மைக் பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் கருப்பு வளையம் இரண்டா மூன்றா? மூன்று என்றால் அது மொபைலுக்கான பின். அதில் மைக்கின் இணைப்பு வயர் பக்கம் இருக்கும் கடைசிப் பகுதியில் இருக்கும், டெஸ்க்டாப்பின் மைக் ஜாக் அதைப் பின்னின் நுனியில் தேடும். இரண்டும் சரியாகச் சந்திக்காது, குரல் சன்னமாக விழுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மைக், ஹெட்போன் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும் சின்ன ஒய் கனெக்டர் மொபைல் கடையில் கிடைக்கும்.

இன்னொன்று கேட்க வேண்டும். வெறுங்காலோடு நின்று சிபியுவின் பெயிண்ட் இல்லாத இடத்தில், பின்பக்கத் தகட்டிலோ ஸ்க்ரூவிலோ எப்போதாவது கை பட்டிருக்கிறதா? பட்டபோது சுருக்கென்றோ கூசுவதுபோலவோ இருந்ததா? இதை வேண்டுமென்று தொட்டுப் பார்க்க வேண்டாம். ஞாபகத்திலிருந்து சொன்னால் போதும்.

மாடிவீட்டு வாசகி:

எல்லாம் பார்த்துவிட்டேன். மைக்கைப் பிடுங்கினால் 'ஙொய்ங்' ஏறக்குறைய இல்லை, 'கிர்ர்' மட்டும் இருக்கிறது. பின்பக்கம் மாற்றியதும் 'கிர்ர்' சுத்தமாகப் போய்விட்டது, சந்தோஷம்! பின்னில் கருப்பு வளையம் மூன்று. கனெக்டர் வாங்கிப் போட்டேன், குரல் நன்றாக எழும்பி விட்டது, பூஸ்டை 30-லிருந்து 10-க்கு இறக்கிவிட்டேன். ஆனால் 'ஙொய்ங்' குறைந்ததே தவிர போகவில்லை.

நீங்கள் கடைசியில் கேட்டதற்கு: ஆமாம். வீடு துடைத்த ஈரத் தரையில் நின்று பின்பக்கம் வயர் மாற்றும்போது விரலில் எறும்பு ஊறுவதுபோல் ஒரு கூச்சம் இருக்கும். எல்லாக் கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

வயரிங் வேலை, தஞ்சாவூர் பக்கம்:

மேடம், இனி நான் சொல்கிறேன், முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் அந்தப் பெட்டியைத் தொடுங்கள். உங்கள் வீட்டு பிளக்கில் எர்த் (கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் வயர்) இல்லை, இருந்தாலும் வேலை செய்யவில்லை. சத்தத்துக்கும் கூச்சத்துக்கும் காரணம் ஒன்றேதான்.

கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள்ளே, கரண்ட் நுழையும் இடத்திலேயே ஒரு வடிகட்டி இருக்கும். அதில் இரண்டு சின்ன கெப்பாசிட்டர், ஒன்று கரண்ட் வரும் பேஸ் வயரிலிருந்து பெட்டித் தகட்டுக்கு, மற்றொன்று கரண்ட் திரும்பும் நியூட்ரல் வயரிலிருந்து தகட்டுக்கு. தேவையில்லாத அலையை எல்லாம் எர்த்தில் கொட்டுவதுதான் அவற்றின் வேலை. எர்த் இருந்தால் கொட்டும். இல்லை என்றால் எங்கே கொட்டும்? இரண்டு கெப்பாசிட்டருக்கும் நடுவில் தகடு தொங்கிக்கொண்டு நிற்கும், 230 வோல்ட்டில் பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட் அதன்மேல் ஏறிவிடும். கெப்பாசிட்டர் சின்னது என்பதால் கரண்ட் மிகக் கொஞ்சம்தான் வரும், அதனால்தான் கூச்சத்தோடு நிற்கிறது. ஆனால் உள்ளே ஏதாவது பழுதாகி பேஸ் நேராகத் தகட்டில் பட்டால் அன்றைக்குக் கூச்சத்தோடு நிற்காது, ஈரத் தரையில் உயிருக்கே ஆபத்து. சத்தம் வந்து காட்டிக் கொடுத்தது நல்லது என்றே சொல்வேன்.

உங்கள் மைக் வயரைச் சுற்றியிருக்கும் உலோக உறையான ஷீல்டும் அதே தகட்டோடுதான் சேர்ந்திருக்கிறது. நம் ஊர் கரண்ட் நொடிக்கு 50 தடவை ஆடுகிறது, தகடும் அதோடு சேர்ந்து ஆடுகிறது, மைக் அதை 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பிடிக்கிறது. நீங்கள் கை வைத்தால் உங்கள் உடம்பு வழியாகக் கொஞ்சம் இறங்குகிறது, அதனால் சத்தம் மாறுகிறது.

செய்ய வேண்டியது: லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக்கில் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 காட்டினால், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. மீட்டர் சில சமயம் தொங்கும் வயரிலும் ஏதோ ஒரு நம்பரைக் காட்டி ஏமாற்றும், அதனால் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் டெஸ்ட் லாம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பல்ப் முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் பாதுகாப்பு ஸ்விட்ச்) இருந்தால் அது டிரிப் ஆகும், பயப்பட வேண்டாம், எர்த் இருப்பதற்கு அதுவும் ஒரு அடையாளம்.

சிலர் குறுக்கு வழி சொல்வார்கள், பிளக்குக்குள்ளேயே எர்த் ஓட்டையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடலாம் என்று. தயவுசெய்து விடாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் முழு 230-ம் உங்கள் பெட்டி மேல் வந்து உட்காரும். சத்தம் போகும் என்று பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்களும் உண்டு, அதுவும் கூடாது.

இன்வெர்ட்டரில் மோசம் என்றீர்களே, உங்களுடையது ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கும். அதில் அலை வளைந்து ஏறாமல் படிக்கட்டுபோல் ஏறி இறங்கும், அதனால் இரைச்சல் கூடத்தான் செய்யும். கரண்ட் இருக்கும்போதே பதிவை முடித்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் வாசகர்:

இடையில் என் அனுபவம் ஒன்று, வேறு யாருக்காவது உதவலாம். எனக்கு இதே 'ஙொய்ங்' ஸ்பீக்கரில் வந்தது, எர்த் எல்லாம் சரியாக இருந்தும். கம்ப்யூட்டரிலிருந்து ஆம்ப்ளிபையருக்கு ஒரு வயர், அதே ஆம்ப்ளிபையருக்கு டிவியிலிருந்து இன்னொரு வயர், டிவியில் கேபிள் வயர். கேபிள் வயரைப் பிடுங்கியதும் சத்தம் நின்றது. எர்த்துக்கு இரண்டு வழி கிடைத்து ஒரு வளையம் உண்டாகிவிடுகிறது, அதில் கரண்ட் சுற்றுகிறது. ஆடியோ வயருக்கு நடுவில், அந்த வளையத்தை அறுக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று ஒன்று போட்டேன், சரியாகிவிட்டது.

மாடிவீட்டு வாசகி:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எலக்ட்ரீஷியன் வந்து என் அறை ஸ்விட்ச் போர்டைக் கழற்றிக் காட்டினார். த்ரீ பின் சாக்கெட்டின் மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. பேஸ், நியூட்ரல் என்று இரண்டு வயர் மட்டும் வந்து நிற்கிறது, எர்த் ஸ்க்ரூ மேல் சிமெண்ட் தூசி அப்படியே படிந்திருந்தது. மாடி கட்டிய நாளிலிருந்து இப்படித்தான் இருந்திருக்கிறது. கீழ்வீட்டில் எர்த் இருக்கிறது, மாடிக்குக் கொண்டுவரவே இல்லை. வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம், அவரும் பயந்துவிட்டார், பாதிச் செலவை ஏற்றுக்கொண்டார். மீட்டர் போர்டிலிருந்து பச்சை வயர் இழுத்து மாடியில் எல்லா சாக்கெட்டுக்கும் கொடுத்துவிட்டார்கள். வாஷிங் மெஷினும் இத்தனை நாள் எர்த் இல்லாமல்தான் ஓடியிருக்கிறது, அதை நினைத்தால்தான் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது.

இப்போது பேஸ்-எர்த் 228, நியூட்ரல்-எர்த் 1.5. கூச்சம் இல்லை. 'ஙொய்ங்' இல்லை. அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

மிச்சம் ஒன்றே ஒன்று. ரொம்பக் கூர்ந்து கேட்டால் அடியில் லேசாக ஒரு முனகல். மின்விசிறி ரெகுலேட்டரை நடுவில் வைத்தால் அதோடு ஒரு 'ஸ்ஸ்'.

சிஸ்டம் சர்வீஸ் 20 வருடம்:

நல்ல செய்தி. 'ஸ்ஸ்' வருவது எலக்ட்ரானிக் ரெகுலேட்டரால். அது அலையை ஒவ்வொரு முறையும் வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது, அந்த வெட்டுதான் கேட்கிறது. படிப்படியாகத் திருகும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டராக மாற்றினால் வராது. அதுவரை பதிவின்போது விசிறியை நிறுத்திவிடுங்கள்.

முனகலுக்கு ஆடாசிட்டியில், சத்தத்தை ஹெர்ட்ஸ் வாரியாக வரைந்து காட்டும் பிளாட் ஸ்பெக்ட்ரம் போட்டு எந்த இடத்தில் மேடு இருக்கிறது என்று பாருங்கள். 100 ஹெர்ட்ஸில் இருந்தால் இன்னும் மின்சாரம்தான். 120-இல் இருந்தால் அது ஹார்ட் டிஸ்க். பழைய டெஸ்க்டாப் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது நொடிக்கு 120. அது மின்சாரச் சத்தம் இல்லை, நிஜமாகவே காற்றிலும் மேசையிலும் அதிர்ந்து வரும் சத்தம். மேசை மேல் பெட்டியும் மைக்கும் சேர்ந்து இருக்கிறதா?

மாடிவீட்டு வாசகி:

மேடு 120-இல்தான்! ஆமாம், ஒரே மேசைதான்.

சிஸ்டம் சர்வீஸ் 20 வருடம்:

அப்படியானால் பெட்டியைத் தரையில் இறக்கி, அடியில் பழைய யோகா பாயை நாலாக மடித்து வையுங்கள். பின்பக்கக் காற்று ஓட்டை அடைபடக் கூடாது. பெட்டியைத் திறந்து விசிறிகளின் தூசியை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், பவர் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான். மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டே, ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் ஏறும், பெட்டிச் சத்தம் ஏறாது. நேராக வாய்க்கு எதிரே வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில், இல்லாவிட்டால் 'ப' சொல்லும்போதெல்லாம் காற்று அடிக்கும்.

மாடிவீட்டு வாசகி:

செய்துவிட்டேன். பக்சார் அத்தியாயத்தை நேற்று இரவு மறுபடி முழுசாக வாசித்து, எந்த வடிகட்டியும் போடாமல் அனுப்பினேன். காலையில் அந்தப் பையன் வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறான்: 'அக்கா, நீங்கள் பக்கம் புரட்டுவதுகூடக் கேட்கிறது.' அடுத்த அத்தியாயத்தை இன்று ஆரம்பிக்கிறேன். ரெகுலேட்டர் மாற்ற ஞாயிற்றுக்கிழமை வருவதாக எலக்ட்ரீஷியன் சொல்லியிருக்கிறார்.