குடும்ப குரூப்ல சோப்புப் பேச்சு

பிரியா: அக்கா, மாமா மில்லுல இருந்து புது தேங்காண்ணெய் 5 லிட்டர் வந்துச்சு, சோப்பு பண்ணலாம்னு இருக்கேன் அளவு சொல்லுங்க

மாமா: கந்தகப் புகை போடாத கொப்பரைம்மா அது, தாராளமா பண்ணு

கவிதா அக்கா: டிஜிட்டல் தராசு இருக்கா? லிட்டர், டம்ளர் கணக்கெல்லாம் சோப்புக்கு ஆகாது, எல்லாம் கிராம்தான்

பிரியா: இருக்குக்கா

கவிதா அக்கா: அப்ப எழுதிக்கோ. தேங்காண்ணெய் 300, நல்லெண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50. காஸ்டிக் சோடா 76 கிராம், டிஸ்டில்டு வாட்டர் 170. தண்ணில சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமா போடணும், சோடா மேல தண்ணி ஊத்தவே கூடாது பொங்கி மேல தெறிச்சிடும். கிளவுஸ், கண்ணாடி போட்டுட்டு காத்தோட்டமா இருக்கற இடத்துல பண்ணு, பாப்பா பக்கத்துலயே வரக்கூடாது

பெரியம்மா: எதுக்கு கண்ணு மூணு எண்ணெய், தேங்காண்ணெய்தான் இத்தனை கெடக்குதே

கவிதா அக்கா: அது மட்டும் போட்டா கட்டி நல்லா கெட்டியா வரும் பெரியம்மா, நம்ம போர் தண்ணிலகூட நுரைக்கும், ஆனா குளிச்சிட்டு வந்தா தோல் வறவறன்னு இழுக்கும், நல்லெண்ணெய் சேர்த்தா அந்த இழுப்பு கொறையும். விளக்கெண்ணெய் நுரை நிக்கறதுக்கு, அது ஜாஸ்தியானா சோப்பு பிசுபிசுன்னு ஆயிடும்

தினேஷ்: நல்லெண்ணெய்தான் தோலுக்கு நல்லதுன்னா 500ம் அதையே போட்டுடலாமேக்கா

கவிதா அக்கா: டேய் அங்கதான் எல்லாரும் கையைச் சுட்டுக்கறாங்க. ஒவ்வொரு எண்ணெயும் எடுத்துக்கற சோடா வேற வேற. தேங்காண்ணெய் 100 கிராம் 18 கிராம் சோடாவை இழுத்துக்கும், நல்லெண்ணெய் 13.4தான். 500ம் நல்லெண்ணெய்னா 67 கிராமே முழு அளவு, நீ 76 போட்டா மிச்ச சோடா அப்படியே சோப்புல நின்னு தோலை அரிச்சிடும். எண்ணெயை மாத்தினா சோடாவையும் திரும்ப கணக்குப் போடணும், சோப் கால்குலேட்டர்னு நெட்ல தேடினா வரும்

தினேஷ்: ஓ சரிக்கா

பிரியா: இந்த 76 கரெக்டா இழுத்துக்குமா?

கவிதா அக்கா: இந்த மூணுக்கும் முழு அளவு 81 வரும், வேணும்னேதான் கொறைச்சிருக்கேன். கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாம மிஞ்சணும், அதான் தோலுக்கு மெத்துனு இருக்கும்

பிரியா: பாப்பாவுக்குப் போடலாமாக்கா?

கவிதா அக்கா: வேண்டாம்டி. எவ்ளோ பக்குவமா பண்ணாலும் சோப்பு பிஎச் (காரத்தன்மை அளவு) 9, 10 இருக்கும், சின்னக் குழந்தைக்கு அது தேவையே இல்ல. வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி ஒத்தித் துடைச்சிட்டு ஈரம் காயறதுக்குள்ள தேங்காண்ணெய் லேசா தடவி விடு, அந்த ஈரம் உள்ளயே நிக்கும்

பிரியா: சரி. எங்கிட்ட பெரிய அலுமினிய குண்டான் இருக்கு அதுல கலக்கறேன்

கவிதா அக்கா: ஐயோ வேண்டாம்!! சோடா அலுமினியத்தையே தின்னுடும், கேஸ் வேற கிளம்பும். எவர்சில்வர்தான். மறுநாள் கட் பண்ணி நிழல்ல காத்தாட அடுக்கி வை, 4 வாரமாவது காயட்டும்

பெரியம்மா: எனக்கு வேப்பெண்ணெய் போட்டு ரெண்டு கட்டி வேணும் கண்ணு

கவிதா அக்கா: ஆகட்டும் பெரியம்மா. பிரியா, நல்லெண்ணெய்ல 50 கொறைச்சு வேப்பெண்ணெய் 50 போட்டுக்கோ, ரெண்டுக்கும் சோடா கிட்டத்தட்ட ஒண்ணுதான் 76 அப்படியே இருக்கட்டும். வாசம் மட்டும் தூக்கும், பெரியம்மாவுக்கு அது பிடிக்கும்