நேபாள மலைக்கிராமப் பள்ளிக்கு வெள்ளையடிக்க எவ்வளவு பெயிண்ட் வேண்டும்?

கேள்வி: நவம்பரில் நேபாள மலைக்கிராமப் பள்ளி ஒன்றுக்குத் தன்னார்வப் பணிக்காக ஐந்து பேர் போகிறோம். வகுப்பறை 20க்கு 16 அடி, உயரம் 10 அடி. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர், அடியில் ஓதம் (ஈரக்கசிவு). எமல்ஷன் பெயிண்ட் எத்தனை லிட்டர்? விசா வேண்டுமா?

மறுமொழி 1: கதவு, ஜன்னல் போகச் சுமார் 620 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு 13 லிட்டர். சொரசொரப்பான சுவர் என்றால் 15. ஆனால் தயவுசெய்து எமல்ஷன் வேண்டாம். மண்சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பி, பொருக்குப் பொருக்காக உதிரும். சிமென்ட் பூச்சும் அப்படியே. சுண்ணாம்புதான் சரி: நீற்றி, இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பால் பதத்தில் மூன்று பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் முன் சுவரை நனையுங்கள். இடையில் ஒரு நாள் விடுங்கள். கண்ணாடி, கையுறை கட்டாயம். அதற்கும் முன்னால் ஓதத்தின் காரணத்தைப் பாருங்கள். பெரும்பாலும் தகரக்கூரைத் தண்ணீர் சுவரோரம் விழுவதுதான். வாய்க்கால் வெட்டாமல் வெள்ளையடித்தால் அடுத்த மழையோடு போச்சு.

கேள்வி கேட்டவர்: பிள்ளைகள் சாய்ந்தால் சட்டையில் ஒட்டாதா?

மறுமொழி 1: கடைசிப் பூச்சில் வஜ்ஜிரப் பசை கலந்தால் அவ்வளவாக ஒட்டாது.

மறுமொழி 2: இந்தியர்களுக்கு விசா தேவையில்லை, பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும், ஆதாரை நம்பிப் போகாதீர்கள். மற்ற நாட்டவர் சுற்றுலா விசாவில் சம்பளமில்லா வேலைகூடச் செய்யக்கூடாது. தசைன், திகார் பண்டிகை விடுமுறை முடிந்ததா என்று பள்ளியில் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். உள்ளூர்க் கொத்தனார் ஒருவரைக் கூலி கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.