கலைச்சொல் விவாதம்: கூரைக்குள் அமரும் 12 வோல்ட் விளக்குக்கு என்ன பெயர் வைக்கலாம்?

அண்ணாச்சி,
வீட்டு வயரிங் கையேட்டில் 'ரீசெஸ்டு லோ வோல்டேஜ் டவுன்லைட்' என்பதற்கு 'தாழ்வழுத்தப் பதிவிளக்கு' என்று போட்டிருக்கிறேன். ஃபால்ஸ் சீலிங்கில் துளை போட்டு ஸ்பிரிங் கிளிப்பில் நிறுத்துகிற, 230 வோல்ட்டை 12 ஆக்கித் தரும் தனி டிரைவரில் எரிகிற 12 வோல்ட் எல்.இ.டி.தான். சரிதானா?

*

தம்பி,
இரண்டு பாதியுமே இடிக்கிறது.

'தாழ்வழுத்தம்' மின்வாரியத்தின் சொல். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டும், மும்முனை 400 வோல்ட்டும் அவர்கள் கணக்கில் தாழ்வழுத்தம்தான். ஐ.இ.சி. என்ற பன்னாட்டு மின் தர அமைப்பின் வகைப்பாட்டில் மாறுமின்னோட்டம் 1000 வோல்ட் வரை அப்படியே. மாறுமின்னோட்டத்தில் 50, நேர்மின்னோட்டத்தில் 120 வோல்ட்டைத் தாண்டாததுதான் 'எக்ஸ்ட்ரா லோ'. 'தாழ்வழுத்த விளக்கு' என்று படித்துவிட்டு ஒருவர் 230-ஐ நேரே கொடுத்துப் பொசுக்கினால் தப்பு நம் சொல்மேல்தான். 'மீத்தாழ்வழுத்தம்' என்று வையுங்கள்.

'பதிவிளக்கு'? சாமிதோப்பு இருக்கிற குமரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டா! இங்கே பதி என்றால் அய்யாவழிக்காரர்களின் வழிபாட்டுத் தலம். அங்கே ஏற்றுகிற விளக்கு என்றுதான் பாதிப்பேர் படிப்பார்கள்.

*

அண்ணாச்சி,
மீத்தாழ்வழுத்தம் சரி. அப்படியானால் 'புதைவிளக்கு'? புதைவடம் புழக்கத்தில் இருக்கிறதே.

*

தம்பி,
புதைவடத்தை மண்ணால் மூடுவது வேலை முறை. இந்த விளக்கை மூடுவது விபத்து. எல்.இ.டி.யின் சூடு முதுகுப்பக்க ஹீட்சிங்க் வழியாகத்தான் வெளியேற வேண்டும். மேலே தெர்மாகோலோ பழந்துணியோ கிடந்தால் விளக்கின் ஆயுள் சுருங்கும். பழைய 50 வாட் ஆலசன் என்றால் தீயே பிடிக்கலாம். தக்கலைப் பக்கத்துப் பழைய வீடுகளின் மர மச்சில் இன்னும் கவனம் வேண்டும். 'புதை' என்றால் மூடு என்று காதில் விழும். எனவே 'உட்பதி விளக்கு' என்கிறேன். முன்னால் 'உட்' வந்தால் பதிக்கிற வேலைதான் நினைவுக்கு வரும், கோயில் வராது.

பெயரைவிட டிரைவர் பத்தியில்தான் எனக்குக் கவலை. 'மின்னழுத்தம் குறைவு, அதனால் மெல்லிய வயர் போதும்' என்று எழுதியிருக்கிறீர்கள். நேர்மாறு. 5 வாட் விளக்கு ஆறு சேர்ந்தால் 30 வாட். 230 வோல்ட்டில் அது 0.13 ஆம்பியர், 12 வோல்ட்டில் 2.5 ஆம்பியர். டிரைவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருக்கும் விளக்குகளுக்கு 1 சதுர மி.மீ. செம்பு வயரில் போக வர 20 மீட்டர், ஏறக்குறைய 0.36 ஓம். 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும், கடைசி விளக்கு மங்கும். 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் நிற்கும். அதைவிட நல்லது, டிரைவரை நடுவில் வைத்து ஒவ்வொரு விளக்குக்கும் தனி வயர் இழுப்பது. டிரைவரை முழுச்சுமையில் ஓட்ட வேண்டாம். 30 வாட்டுக்கு 40 வாட் டிரைவர்.

12 வோல்ட் ஆளைத் தாக்காது என்பதும் பாதி உண்மை. உள்ளே 230-ஐயும் வெளியீட்டையும் பிரிக்காத மலிவு டிரைவரில் 12 வோல்ட் முனையைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். எஸ்.இ.எல்.வி. (230-இலிருந்து பிரித்த பாதுகாப்பான மீத்தாழ்வழுத்தம்) என்று அச்சிட்டதை வாங்கச் சொல்லுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு தளர்ந்தால் 12 வோல்ட்டிலும் சூடேறிக் கருகும். குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் உப்புக்காற்றில் செம்பு பச்சை பூக்கும். அங்கே வயர் நுனியில் லக் என்ற உலோக முனையை அழுத்திப் பொருத்தி மூடிய கனெக்டர்தான். 230 வயரையும் 12 வயரையும் ஒரே குழாயில் விடக்கூடாது. வேலைக்கு முன் எம்.சி.பி.யை இறக்கி டெஸ்டரால் பார்க்க வேண்டும் என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

*

அண்ணாச்சி,
பத்தியை மாற்றிவிட்டேன். டிரைவருக்கு 'மின்னூட்டி'?

*

தம்பி,
அது சார்ஜருக்குப் போய்விட்டது. 'டிரைவர்' என்றே இருக்கட்டும், கடையிலும் அதுதான் பேச்சு. ஆனால் வகையைத் தமிழில் பிரித்தே ஆக வேண்டும். 'மாறா அழுத்த டிரைவர்' என்றால் விளக்குகள் பக்க இணைப்பில் (பேரலல்). 'மாறா மின்னோட்ட டிரைவர்', அதாவது 300 மில்லி ஆம்பியர் என்று போட்டிருப்பது, பல விளக்கானால் தொடரிணைப்பில் (சீரிஸ்). இதை ஆன் செய்துவிட்டு விளக்கைச் செருகினால், திறந்த நிலையில் ஏறியிருந்த அழுத்தம் பாய்ந்து எல்.இ.டி. போய்விடும். முதலில் விளக்கை மாட்டி, பிறகு சுவிட்ச்.

*

அண்ணாச்சி,
கடைசியாக ஒன்று. பெட்டியில் 'கட்-அவுட் 75' என்று இருப்பதற்கு 'வெட்டு விட்டம்' என்று வைத்திருக்கிறேன்.

*

தம்பி,
மர மச்சு வீட்டில் ஏணிமேல் நிற்பவரிடம் 'விட்டம் 75 மி.மீ. வெட்டு' என்று சொல்லிப் பாருங்கள், விட்டம் என்றால் உத்தரம் என்று எடுத்துக்கொண்டு அதில் கைவைப்பார். 'துளையளவு' போதும். அந்த டிரைவர் அதே துளை வழியே வெளியே வருமா என்று வெட்டுமுன் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள். வராவிட்டால் பின்னால் அதை மாற்றச் சீலிங்கையே உடைக்க வேண்டும்.