புதுப்பிப்பு: மங்கலான கோடு, ரத்தப் பரிசோதனையில் உறுதியாச்சு

வீட்டில் பார்க்கும் கர்ப்பப் பரிசோதனை கிட்டில் இரண்டாவது கோடு மங்கலாக வந்திருக்கு, நம்பலாமா என்று காட்பாடியிலிருந்து கேட்டிருந்தேன். தைரியம் சொன்ன அக்காக்களுக்கு நன்றி. சத்துவாச்சாரி லேபில் பீட்டா எச்சிஜி (ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனைப் பார்க்கும் டெஸ்ட்) பார்த்தோம், பாசிட்டிவ்!

டாக்டரம்மா சொன்னது: கிட் அட்டையில் போட்டிருக்கும் நிமிடங்களுக்குள் இரண்டாவது கோடு நிறத்தோடு தெரிந்தால், மங்கலானாலும் பெரும்பாலும் கர்ப்பம்தான். ரொம்ப நேரம் கழித்துத் தெரியும் சாம்பல் கோடு கணக்கில்லை. நாள் தள்ளும் முன்பே பார்த்தால் ஹார்மோன் போதாமல் நெகட்டிவ் காட்டலாம். தள்ளிய பிறகு, காலை முதல் சிறுநீரில் பாருங்கள். அப்பவும் நெகட்டிவ், ஆனா தீட்டு வரலைன்னா, ஒரு வாரத்தில் மறுபடி.

பாசிட்டிவ் வந்தபின் ஒரு பக்கம் கடும் வயிற்றுவலி, ரத்தப்போக்கு, மயக்கம் இருந்தால் தயவுசெய்து காத்திருக்காதீங்க. கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் கருக்குழாயில் தங்கியிருக்கலாம்; உடனே ஆஸ்பத்திரி.

எனக்கு அடுத்து ஸ்கேன்.